தின்னிமாடனும் சாப்பாட்டு ராமனும்: பந்தியில் பிறந்த சொற்களுக்கு ஓர் அறிமுகம்

அத்தை தோசைக் கரண்டியோடு அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்ப்பாள். என் தட்டு காலியாக இருக்கும். "ஏல தின்னிமாடா, அது வயிறால, குதிரால?" என்று கேட்டுக்கொண்டே ஐந்தாவது தோசையைத் தட்டில் போடுவாள். பதிலுக்குக் காத்திருக்க மாட்டாள். ஆறாவதுக்கு மாவு ஊற்றும் சத்தம் அதற்குள் உள்ளே கேட்டுவிடும். தாமிரபரணிக் கரையில் கழிந்த என் பள்ளி விடுமுறைகளில் இந்தக் கேள்வி காதில் விழாத நாளே கிடையாது.

அந்த ஒற்றை வரியை எடுத்து வைத்துக்கொண்டாலே வட்டார வழக்கு எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துவிடும். 'ஏல' என்பது நெல்லைப் பக்கத்து விளி. உரிமை உள்ளவர்களிடம் மட்டும்தான் அது செல்லும். 'குதிர்' என்பது வீட்டுக்குள் நெல் கொட்டி வைக்கிற ஆளுயர மண்கலம். எவ்வளவு போட்டாலும் இன்னும் கொஞ்சம் பிடிக்கும். 'தின்னிமாடன்' என்ற சொல்லைத்தான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

தென்மாவட்டங்களில் மாடன் என்றால் சுடலைமாடன். வில்லுப்பாட்டில் வரும் கதைப்படி, கயிலாயத்தில் விளக்குச் சுடரிலிருந்து பிறந்த பிள்ளை அவன். கொடுத்த உணவு போதாமல், நள்ளிரவில் எழுந்து சுடுகாட்டுக்குப் போய்ப் பிணம் தின்றுவிட்டு வருகிறான். பிள்ளையின் பசி தெரிந்தபிறகு அவனைக் கயிலாயத்தில் வைத்திருக்க முடியாமல் பூமிக்கு அனுப்பிவிடுகிறார்கள். இன்றும் கொடை விழாவில் அவன் முன்னால் சோறும் கறியும் மலையாகக் குவித்துப் படைப்புப் போடுகிறார்கள். அந்தப் படைப்பைக் கண்ணால் பார்த்த ஊர்க்காரர்களுக்குத் 'தின்னிமாடன்' என்ற சொல் வெறும் வசவாகக் கேட்காது. குலசாமியின் பசியை வீட்டுப் பையனுக்குக் கொடுத்துப் பேசுகிற சொல் அது. அதனால்தான் அதைச் சொல்லும்போது அத்தையின் முகத்தில் ஒரு பெருமையும் இருந்தது என்று நான் நினைக்கிறேன்.

நிறையச் சாப்பிடுகிறவர்களைக் கிண்டலாகக் குறிக்கத் தமிழில் இருக்கும் சொற்களை மொத்தமாக 'பெருந்தீனிக்காரன்' என்று ஒரே பொருளில் அடக்கிவிடுவது எளிது. பல அகராதிகள் அதைத்தான் செய்கின்றன. ஆனால் பந்தியில் உட்கார்ந்து கேட்டால் ஒவ்வொரு சொல்லும் வேறு வேறு ஆளைச் சுட்டுகிறது. அளவு மிஞ்சித் தின்பவன் ஒருவன். அவசரப்படுபவன் இன்னொருவன். ருசிக்கு அலைபவன், உழைக்காமல் உண்பவன் என்று மேலும் சிலர் உண்டு. தமிழ் இவர்களைக் குழப்பிக்கொள்வதே இல்லை. புதிதாக இதைக் கவனிக்கத் தொடங்குகிறவர்கள் இந்தப் பிரிவினையை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

உண்பதும் தின்பதும்

அடிப்படையில் இருப்பது 'தின்' என்ற வினை. பழைய தமிழ் உணவை உண்பன, தின்பன, நக்குவன, பருகுவன என்று நான்காகப் பிரித்தது. சோறு உண்பது, முறுக்கு, அதிரசம் போன்றவை கடித்து மென்று தின்பது. ஆகவே 'தின்பண்டம்' என்ற சொல்லில் இன்றும் எந்த இழிவும் கிடையாது. ஆனால் 'என்ன தின்னுட்டு வந்தே?' என்று சென்னையிலோ தஞ்சாவூரிலோ ஒருவரைக் கேட்டால் முகம் சுருங்கிவிடும். காலப்போக்கில் மனிதர்களுக்குச் 'சாப்பிடு' என்றும் மாடு, கன்றுக்குத் 'தின்' என்றும் பல ஊர்களில் பாகம் பிரித்துவிட்டார்கள்.

எல்லா ஊர்களிலும் இல்லை. கன்னியாகுமரி மாவட்டத்தில் 'சோறு தின்னியா?' என்பது அன்பான விசாரிப்பு. கொங்குப் பக்கம் 'சோறுண்டாச்சுங்களா?' என்று பழைய 'உண்' இன்னும் உயிரோடு இருக்கிறது. சென்னையின் பழைய பேட்டைகளில் நண்பனிடம் 'துன்னுட்டியா?' என்பார்கள். செட்டிநாட்டிலும் மலேசியத் தமிழரிடமும் 'பசியாறியாச்சா?' என்ற அழகான கேள்வி இருக்கிறது. ஒரு ஊரில் மரியாதை, அடுத்த ஊரில் அவமரியாதை என்பதால், 'தின்' கலந்த எந்தச் சொல்லையும் எந்த ஊர்ச் சொல் என்று தெரியாமல் எடைபோடக் கூடாது.

இந்த 'தின்'னோடு 'இ' சேர்ந்தால் தின்கிறவர்: தின்னி. எறும்புதின்னி, பூச்சிதின்னி என்கிறோமே, அதே வார்ப்புதான். 'உண்'ணோடு அதே 'இ' சேர்ந்தால் உண்ணி. மாட்டின் காதில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடித்து உப்புகிற பூச்சிக்கு அந்தப் பெயர் வந்தது இப்படித்தான். அது உண்பதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை. ஆகையால் பெயரும் அதுவே. ஒருவனைத் 'தின்னி' என்று கூப்பிடும்போதும் இந்தக் கணக்குத்தான் நடக்கிறது. அவனுடைய மற்ற எல்லாக் குணங்களையும் தள்ளிவைத்துவிட்டு ஒரே ஒரு செயலை அவன் பெயராக்கிவிடுகிறோம்.

'தீனி'யும் அப்படியே. மாட்டுத்தீனி, கோழித்தீனி என்று விலங்குக்குப் போடுவதைக் குறிக்கிற சொல், மனிதனுக்கு வந்தால் 'நொறுக்குத்தீனி' என்று செல்லமாகவோ 'பெருந்தீனி' என்று கடிந்தோ மாறுகிறது. இது நேற்று வந்த உத்தி கிடையாது. திருக்குறளில் மருந்து அதிகாரத்தில் ஒரு குறள் இருக்கிறது:

இழிவறிந் துண்பான்கண் இன்பம்போல் நிற்கும்
கழிபேர் இரையான்கண் நோய்.

அளவறிந்து சாப்பிடுகிறவனைச் சொல்லும்போது வள்ளுவர் 'உண்பான்' என்கிறார். அளவு மீறியவனுக்கு வந்ததும் அவன் சாப்பிடுவது உணவாக இல்லாமல் 'இரை' ஆகிவிடுகிறது. அவன் 'கழிபேர் இரையான்'. பாம்புக்கும் பறவைக்கும் சொல்கிற சொல் அது. ஒரே குறளுக்குள் மனிதனை மனிதச் சொல்லிலிருந்து விலங்குச் சொல்லுக்கு இறக்கிவிட்டார். 'மாடு மாதிரி தின்கிறான்' என்று இன்று வீட்டில் சொல்வதற்கும் இதற்கும் இடையில் ஓசைதான் வேறு.

வயிற்றிலிருந்து மூக்கு வரை

அளவைச் சொல்லத் தமிழில் ஓர் அருமையான அளவுகோல் இருக்கிறது; அது நம் உடம்புதான். 'வயிறாரச் சாப்பிட்டான்' என்றால் பாராட்டு. விருந்து கொடுத்தவர் கேட்க விரும்பும் வாக்கியம் அது. 'வயிறு முட்டச் சாப்பிட்டான்' என்றால் எல்லை தொட்டாயிற்று. 'கழுத்து மட்டும் சாப்பிட்டுட்டேன்' என்பது பெரும்பாலும் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வது, பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டே. 'மூக்கு முட்டத் தின்னுட்டு வந்து படுத்திருக்கான்' என்னும்போது அது வசவு. கிணற்றில் தண்ணீர் ஏறுவதைப் பார்ப்பதுபோல மட்டம் வயிற்றிலிருந்து கழுத்து, கழுத்திலிருந்து மூக்கு என்று ஏறுகிறது. மட்டம் ஏற ஏற மரியாதை இறங்குகிறது. மூக்கு வந்ததும் 'சாப்பிட்டு' போய்த் 'தின்னுட்டு' வருவதையும் கவனியுங்கள்.

உடம்பை அளவுகோலாக்கியதோடு நிற்காமல் அதைப் பாத்திரமாகவும் ஆக்கிவிடுகிறோம். அத்தைக்குக் குதிர். இன்னொரு வீட்டில் அண்டா, பானை. 'சோத்துமூட்டை' எல்லா ஊரிலும் விளங்கும். 'மொடா' என்றால் பெரிய பானை. நிறையக் குடிக்கிறவனை 'மொடாக்குடியன்' என்பது அதிலிருந்துதான். அகராதியில் கிடைக்கிற 'வயிறுதாரி' எனக்கு மிகவும் பிடித்த சொல். வேடம் தரித்தவன் வேடதாரி. வயிற்றை மட்டுமே தரித்தவன் வயிறுதாரி. இவ்வளவு கச்சிதமான சொல் பேச்சிலிருந்து ஒதுங்கிப்போனதில் எனக்கு வருத்தம் உண்டு.

புராணத்திலிருந்து பந்திக்கு

விலங்காக இறக்குவது ஒரு வழி என்றால், அசுரனாக ஏற்றுவது இன்னொரு வழி. 'பகாசுரன்' அதில் முதலிடம். மகாபாரதத்தில் ஏகசக்கர நகரத்தை மிரட்டி வைத்திருந்த அரக்கன் அவன். முறைவைத்து வீட்டுக்கு ஒருவர் போக வேண்டும்: ஒரு வண்டிச் சோறு, இரண்டு எருமை, அவற்றைக் கொண்டுபோகிற ஆள், எல்லாமே அவனுக்கு உணவு. ஒருநாள் அந்த வண்டியோடு பீமன் போகிறான். போனவன் அரக்கனுக்கு வைத்திருந்த சோற்றைத் தானே உட்கார்ந்து சாப்பிடத் தொடங்கிவிடுகிறான். பகன் ஓடிவந்து முதுகில் அடிக்கிறான். பீமன் திரும்பிக்கூடப் பார்க்காமல் கவளத்தை உருட்டிக்கொண்டிருக்கிறான். ஆக, அந்தக் கதையில் பெருந்தீனிக்காரர்கள் இரண்டு பேர். ஒருவனைப் பெயர் சொல்லித் திட்டுகிறோம். இன்னொருவனைப் பெருமையாக, 'பீமன் மாதிரி சாப்பிடுறான்' என்கிறோம். பீமனுக்கே விருகோதரன், அதாவது ஓநாய் வயிறன் என்று ஒரு பெயர் உண்டு. இருந்தாலும் அவன் பெயர் வசவாகவில்லை. ஊரைக் காப்பாற்றியவன் சாப்பிடலாம், ஊரைத் தின்றவன் சாப்பிடக் கூடாது என்று மொழி தீர்ப்பு எழுதி வைத்திருக்கிறது.

மதுரைப் பக்கத்துக்கு இன்னும் நெருக்கமான ஆள் குண்டோதரன். மீனாட்சி சுந்தரேசுவரர் திருமணத்தில் எல்லோரும் சாப்பிட்டும் சோறு மலைபோல மிஞ்சிவிட்டது. இறைவன் தன் பூதகணத்தில் குள்ளமான குண்டோதரனைப் பந்தியில் உட்காரவைத்தார். மிஞ்சியதெல்லாம் தீர்ந்தது, பசி தீரவில்லை. தரையில் அன்னக்குழி திறக்க, அதில் பொங்கிவந்த சோற்றைத் தின்றபின்தான் அடங்கினான். அப்புறம் தாகம். கிணறும் குளமும் வற்றிய பிறகு, 'கையை வை' என்று சொல்லி அவனுக்காக ஓர் ஆற்றையே வரவழைத்தார் என்றும், 'வை கை' என்பதே வைகை ஆயிற்று என்றும் திருவிளையாடற் கதை சொல்கிறது. சாப்பிட்டுவிட்டுச் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிப்பவனைப் பார்த்து 'குண்டோதரனுக்கு வைகைதான் வரணும்' என்று மதுரைக்காரர் ஒருவர் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். ஒரு நதியின் பெயருக்கே தீராப்பசிக்காரன் ஒருவனின் கதையைச் சொல்லிக்கொள்கிற ஊர் அது.

மணிமேகலையில் வரும் காயசண்டிகையை யாரும் வசவாகச் சொல்வதில்லை. அதற்குக் காரணம் இருக்கிறது. விருச்சிக முனிவர் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை உண்பதற்காக வைத்திருந்த நாவற்கனியை அவள் காலால் சிதைத்துவிட, அவர் சாபத்தால் 'யானைத்தீ' என்னும் பசிநோய் அவளைப் பற்றிக்கொள்கிறது. எவ்வளவு தின்றாலும் அடங்காது. மணிமேகலை அமுதசுரபியிலிருந்து இட்ட ஒரு பிடிச் சோற்றில் அது தணிகிறது. பேராசைக்கும் நோய்க்கும் வேறுபாடு உண்டென்று தமிழுக்கு வெகு காலமாகத் தெரியும். அவளுக்கு வந்ததை நோய் என்று சொல்லி, இரக்கத்தோடுதான் பேசினார்கள்.

சாப்பாட்டு ராமன் யார்?

தமிழ்நாடு முழுக்கச் செல்லுபடியாகும் ஒரே சொல் கேட்டால் நான் 'சாப்பாட்டு ராமன்' என்பேன். இலங்கைத் தமிழருக்கும் இது விளங்கும். இந்த ராமன் அயோத்தி ராமன் கிடையாது என்பது என் கருத்து. அவன் பதினான்கு வருடம் காயும் கனியும் கிழங்கும் தின்று காட்டில் இருந்தவன். குப்பன், சுப்பன் என்று சொல்வதுபோல ஊரில் எல்லோருக்கும் இருக்கும் பெயரை எடுத்து, முன்னால் ஒரு குணத்தை ஒட்டவைக்கிறோம். 'தண்டச்சோறு தடிராமன்' என்பதிலும் இதே ராமன்தான் வருகிறான். பெயரின் எளிமைதான் இச்சொல்லை இவ்வளவு மென்மையாக்குகிறது. மருமகனைக்கூட, அவர் காதில் விழும்படி, 'எங்க மாப்பிள்ளை ஒரு சாப்பாட்டு ராமன்' என்று மாமியார் சொல்லலாம். தின்னிமாடன் என்று சொல்ல முடியாது.

இதற்குப் படித்த வீட்டு உடை உடுத்தினால் 'போஜனப்பிரியன்'. இதில் அளவைவிட ருசி முக்கியம். ரசத்தில் பெருங்காயம் குறைந்ததைக் கண்டுபிடிப்பவன் இவன். பேச்சுவழக்கில் 'அவனுக்கு நாக்கு நீளம்' என்பார்கள். ஆனால் தமிழ் விவிலியத்தில் இதே 'போஜனப்பிரியன்' கடுமையான குற்றச்சாட்டாக நிற்கிறது: 'குடியனும் போஜனப்பிரியனும் தரித்திரராவார்கள்' என்கிறது நீதிமொழிகள். கல்யாண மண்டபத்தில் புன்னகையோடு சொல்லப்படுவது, பிரசங்கத்தில் எச்சரிக்கை.

அவசரக்காரனுக்குத் தனிச் சொல்: பறக்காவெட்டி. இலை போடுமுன் இடம் பிடிப்பவன், பரிமாறுகிறவர் அடுத்த இலைக்குப் போகுமுன் கை நீட்டுகிறவன். 'ஏன் இப்படிப் பறக்கிறே?' என்று கேட்கிறோமே, அந்தப் பறத்தல் இதில் கேட்கிறது. அவன் இரண்டு இட்லிதான் சாப்பிட்டிருப்பான், ஆனாலும் பறக்காவெட்டிதான். தண்டச்சோறு இதற்கு நேர் எதிர்: சாப்பிடும் அளவோ வேகமோ ஒரு பொருட்டில்லை, சம்பாதிக்கவில்லை என்பதுதான் குற்றம். வேலை தேடிக்கொண்டிருக்கும் பையன் அரை வயிறு சாப்பிட்டாலும் இந்தச் சொல் அவன் தட்டில் வந்து விழும். இந்தச் சொற்களில் எனக்குப் பிடிக்காதது இது ஒன்றுதான். மற்றவை பசியைக் கேலி செய்கின்றன. இது பசிக்கவே உனக்கு உரிமை இல்லை என்கிறது.

'தீனிப்பண்டாரம்', 'தின்னிப்பண்டாரம்' என்பதும் பரவலாகக் கேட்கும். பண்டாரம் என்றால் பொருள் சேர்த்து வைக்கும் அறை. மடத்துத் துறவியும் பண்டாரம். ஒரு சமூகத்தின் பெயரும் அதுவே. சொல்கிறவர் எதை நினைத்துச் சொன்னாலும் கேட்கிறவருக்கு வலிக்கக்கூடும். நான் இதைப் பொருள் தெரிந்துகொள்ள மட்டும் வைத்திருக்கிறேன், வாயில் எடுப்பதில்லை.

வினைச்சொற்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், அவற்றில்தான் ஆட்டம் அதிகம். 'ஒரு பிடி பிடிச்சான்', 'ஒரு வெட்டு வெட்டினான்', 'ஃபுல் கட்டு கட்டினான்' என்பதெல்லாம் சண்டைக் களத்து மொழி. சொல்கிறவருக்குச் சாப்பிட்டவன்மேல் மரியாதைதான். மதுரை, தேனிப் பக்கம் 'நல்லா மொக்கிட்டான்' என்பார்கள். 'லபக்கு லபக்குனு முழுங்கினான்' என்றால் மெல்லவில்லை என்று பொருள். 'கொட்டிக்கோ' என்பது கோபத்தில் தட்டை நகர்த்தும் கையோடு வரும். 'ஸ்வாஹா பண்ணிட்டான்', 'கபளீகரம் பண்ணிட்டான்', 'ஏப்பம் விட்டுட்டான்' என்பவை பந்தியை விட்டு வெளியே போய்விட்டன. இப்போது சீட்டுப் பணத்தையும் புறம்போக்கு நிலத்தையும் விழுங்குகிறவர்களுக்குத்தான் அவை அதிகம் பயன்படுகின்றன. வடமொழியில் 'கபளம்' என்றால் ஒரு கவளம். ஒரு வாய்ச் சோற்றைக் குறித்த சொல், ஊரான் நிலத்தை விழுங்குவதுவரை வளர்ந்துவிட்டது.

பஞ்சத்தின் ஞாபகம்

'காய்ந்த மாடு கம்பில் விழுந்த மாதிரி' என்ற பழமொழியைச் சிரித்துக்கொண்டுதான் சொல்கிறோம். காய்ந்தது ஏன் என்று யோசித்தால் சிரிப்பு நின்றுவிடும். புல் இல்லாத கோடை, எலும்பு தெரியும் மாடு, வேலி தாண்டினால் பச்சைக் கம்பங்கொல்லை. அந்த மாட்டின்மேல் தப்பே கிடையாது.

இதைவிட நேரான வழக்கு 'தாது வருஷப் பஞ்சத்துல அடிபட்டவன் மாதிரி சாப்பிடுறான்' என்பது. தாது என்பது தமிழ் ஆண்டுகளில் ஒன்று; 1876 ஏப்ரலில் பிறந்தது. அந்த ஆண்டு தொடங்கி 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய பஞ்சத்தில் லட்சக்கணக்கான மக்கள் இறந்தார்கள். மழை பொய்த்த ஊர்களிலிருந்து கூட்டம் கூட்டமாகக் கஞ்சிக்கு நடந்தார்கள். கப்பலேறி வேறு நாடுகளுக்குத் தோட்டக் கூலிகளாகப் போனவர்கள் பலர். அந்தப் பஞ்சத்தைப் பார்த்த ஒருவர்கூட இன்று இல்லை. ஆனால் பிரியாணித் தட்டின் முன் உட்கார்ந்திருக்கும் பேரனைப் பார்த்துப் பாட்டி அதன் பெயரைச் சொல்கிறாள். நூற்றைம்பது வருடமாக ஒரு பசி, கேலிப் பேச்சின் உள்ளே பத்திரமாக இருந்திருக்கிறது. எனக்கு இந்தச் சொற்களின்மேல் இவ்வளவு பிடிப்பு வந்ததற்கு முதற்காரணம் இதுதான். நல்வழியில் ஔவையார் தன் வயிற்றையே கூப்பிட்டு, ஒருநாள் உணவை விடு என்றால் விடமாட்டாய், இரண்டு நாளுக்குச் சேர்த்து வாங்கிக்கொள் என்றால் வாங்கமாட்டாய், உன்னோடு வாழ்வது அரிது என்கிறாரே, அந்த வெண்பாவில் இருப்பதும் இந்தப் பசியோடுதான் சண்டை.

'பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து' என்பதையும் இந்த வெளிச்சத்தில்தான் நான் படிக்கிறேன். சாப்பிடும்போது வலக்கை முன்னே போகும், அம்பு தொடுக்கும்போது பின்னே போகும் என்று ஒரு நாகரிகமான விளக்கம் இப்போது பரவலாகச் சொல்லப்படுகிறது. அது பிற்காலத்து மெருகு என்றே எனக்குத் தோன்றுகிறது. கடைசிப் பந்திக்குச் சோறு மிஞ்சாது என்று தெரிந்தவர்கள் சொன்ன பழமொழிக்கு மெருகு தேவையில்லை.

யார் சொல்லலாம்?

கல்லூரி நாளில் ஒரு நண்பனை ஊருக்குக் கூட்டிப்போனேன். வடக்கு மாவட்டத்துக்காரன், விடுதிச் சாப்பாட்டில் காய்ந்துபோனவன். அத்தை வைத்த மீன்குழம்பில் மூன்றாவது முறை சோறு வாங்கினான். அத்தை அவனிடம் 'எய்யா, இன்னும் கொஞ்சம் போட்டுக்கிடுய்யா' என்றுதான் சொன்னாள். பக்கத்தில் இருந்த எங்கள் உறவுக்காரர் ஒருவர் மட்டும், உண்மையிலேயே பிரியத்தோடு, 'சரியான தின்னிமாடன்லா கூட்டிட்டு வந்திருக்க' என்று சிரித்தார். நண்பனின் கை சோற்றில் அப்படியே நின்றது. பிசைந்ததை மட்டும் சாப்பிட்டுவிட்டு எழுந்தான். அதற்குப் பிறகு இரண்டு நாளும் இரண்டாம் முறை எதையும் வாங்கவில்லை. அத்தை எவ்வளவு கெஞ்சியும் 'போதும்ங்க' என்றான்.

சொல் ஒன்றுதான். எனக்கு அது ஆறாவது தோசை. அவனுக்கு மூடிய கதவு. எனக்குச் சொன்னவள் கையில் கரண்டி இருந்தது, சொல்லிக்கொண்டே போட்டாள். அவனுக்குச் சொன்னவர் கையில் ஒன்றும் இல்லை, பார்த்துச் சொன்னார். பரிமாறும் கையோடு வந்தால் கொஞ்சல், பார்க்கும் கண்ணோடு வந்தால் குத்தல். சாப்பிடுகிற பிள்ளையைப் பார்க்காதே, கண்ணு பட்டுடும் என்று வீடுகளில் சொல்வதன் பின்னாலும் இந்தக் கூச்சம் இருக்கும் என்று நினைக்கிறேன். அன்று இரவு அத்தை அந்த உறவுக்காரரிடம் பேசவே இல்லை.

பெண்ணுக்கு என்ன சொல்?

இந்தப் பட்டியலை மறுபடி பாருங்கள்: மாடன், ராமன், பகாசுரன், பீமன், குண்டோதரன். எல்லாம் ஆண்கள். நிறையச் சாப்பிடும் பெண்ணைச் செல்லமாகக் கேலி செய்ய எனக்குத் தெரிந்து நிலைபெற்ற ஒரு சொல் இல்லை. தின்னி என்பது பொதுச்சொல். அதற்குமேல் பெண்ணுக்கு வருவதெல்லாம் கேலியாக இல்லாமல் கண்டிப்பாகவே வருகிறது. 'உண்டி சுருங்குதல் பெண்டிர்க்கு அழகு' என்று கொன்றைவேந்தன் சொல்லிக்கொடுத்த வீடுகளில், எல்லோரும் எழுந்தபின் அடிச்சட்டியை வழித்துச் சாப்பிட்டவர்களுக்குப் பெருந்தீனிக்காரி என்று பெயர் எடுக்க வாய்ப்பே அமையவில்லை. அந்த வெற்றிடமும் ஒரு செய்திதான்.

இந்தச் சொற்களைச் சேகரிக்க நினைப்பவர்களுக்குச் சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ்ப் பேரகராதி ஒரு நல்ல தொடக்கம். கரிசல் சொற்களுக்குக் கி. ராஜநாராயணனும் கொங்குச் சொற்களுக்குப் பெருமாள்முருகனும் தொகுத்த அகராதிகள் இருக்கின்றன. ஆனாலும் அடுப்பங்கரையை ஒட்டி உட்கார்ந்து கேட்டால் கிடைப்பது வேறு. சொல்லை மட்டும் எழுதாதீர்கள். யார், யாரிடம், எதைப் பரிமாறும்போது சொன்னார்கள் என்பதையும் பக்கத்தில் குறித்துவையுங்கள்.

போன கோடையில் மகளோடு ஊருக்குப் போனேன். அத்தைக்கு இப்போது நின்று தோசை சுட முடிவதில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறாள். எனக்கு இரண்டோடு போதும் என்றானபோது, 'என்னய்யா, கோழி கொத்துனாப்ல கொத்துத?' என்று மட்டும் கேட்டாள். மகள் நான்காவதை முடித்துவிட்டுத் தட்டை அடுப்புப் பக்கம் நீட்டினாள். அத்தை அவளை ஏற இறங்கப் பார்த்தாள். ஊரில் பாதிப் பெண்களுக்கு மாடத்தி என்று பெயர் வைத்த தலைமுறை அவளுடையது. சொல் தேட அவளுக்கு நேரம் ஆகவில்லை.

"ஏட்டி தின்னிமாடத்தி, பொறு, ஊத்திட்டுத்தான் இருக்கேன்."